வெள்ளவத்தை ரீஃபில் கடை பாத்ரூம் கிளீனர்: கறை போச்சுது, லேபல்தான் பொய்

நாலு மாசமா வாங்கிப் பாவிச்சிட்டுத்தான் எழுதுறன், ஒருநாள் கோபத்துல எழுதினது இல்ல. காலி வீதியில இருந்து கடல் பக்கமா இறங்குற லேன் ஒண்டுக்குள்ள இருக்கிற சின்னக் கடை, பேர் போடேல்ல, போடவும் மாட்டன். வெறும் போத்தலைக் கொண்டு போனா நீல ட்ரம்முல இருந்து நிரப்பித் தருவினம், போத்தல் இல்லாட்டி அவையளே ஒண்டு தருவினம். டிஷ் வோஷ், ப்ளோர் கிளீனர், பாத்ரூம் கிளீனர் எல்லாம் சுப்பர்மார்க்கெட் விலையில பாதிதான், இப்ப இருக்கிற விலைவாசிக்கு ஆர்தான் விடுவினம்.

வேலை செய்யுமோ எண்டா, செய்யும். எங்கட ப்ளட்டுக்கு கிணத்துத் தண்ணியும் கலந்துதான் வரும், கொமோட்டுக்குள்ள மஞ்சள் கோடு கோடா ஊறிக் கிடந்தது, பிரஷ் தேய்ஞ்சதுதான் மிச்சம். இவையின்ர பாத்ரூம் கிளீனரை ஊத்திப் பத்து நிமிசம் விட்டா வெள்ளையா வந்திட்டுது. டிஷ் வோஷும் பரவாயில்ல, அதைப்பற்றிச் சொல்ல ஒண்டுமில்ல.

போன போயா அண்டு வேலைக்கு வாற அக்கா காலையில கொமோட்டுக்குள்ள பிளீச் ஊத்திட்டுப் போயிருக்கிறா, எனக்குத் தெரியாது, நான் பிறகு போய் இந்த லைம் (தேசிக்காய்) பாத்ரூம் கிளீனரை மேல ஊத்தினன். ஸ்விமிங் பூல் மணம் இருக்கே, அதைப் பத்து மடங்காக்கி மூக்குக்குள்ள அடிச்ச மாதிரி, கண் எரிஞ்சு தொண்டை இறுகிப் போச்சுது, எங்கட பாத்ரூமுக்கு ஜன்னலும் இல்ல, இருக்கிற ஃபேனும் ஓடாது. கதவை இழுத்துச் சாத்திட்டு பல்கனிக்கு ஓடினன், ஒரு மணித்தியாலம் விடாம இருமல். பிளீச்சோட அசிட் சேர்ந்தா குளோரின் வாயு வரும் எண்டு ஸ்கூல்லயே படிச்சதுதான், ஆனா என்ர கையில இருந்தது அசிட் எண்டு ஆர் சொன்னது?

அண்டைக்குத்தான் அந்த லேபலை முதன்முதலா ஒழுங்கா வாசிச்சன். தேசிக்காய்ப் படம், 99.9 வீதம் கிருமி சாகும், "தீங்கான கெமிக்கல் இல்லை". உள்ள இருக்கிறது எண்டு போட்டிருந்தது சர்பெக்டன்ட் (அழுக்கெடுக்கிற சோப்புச் சாமான்), பெர்ஃபியூம், கலர், தண்ணி. அசிட் எண்ட சொல்லே இல்ல, கையில ஊத்துற மாதிரி படம் போட்ட சிவப்பு டைமண்ட் அடையாளமும் இல்ல. தமிழில இருந்தது ஒரே ஒரு வரி, "குளியலறை சுத்தாமாக்கும் திரவம்", அதுலயும் பிழை. ஸ்டிக்கரோட மூலையை நகத்தால கிளப்பினா கீழ இன்னொரு லேபல், வினாகிரிப் போத்தல்! இதைக் குசினியில வச்சா ஆரும் எடுத்துச் சம்பலுக்கு ஊத்துவினம்.

சந்தேகம் தீரவேணுமெண்டு பல்கனிச் சீமெந்துல நாலு துளி விட்டுப் பாத்தன், சுர்ரெண்டு நுரைச்சுது. தண்ணியும் சோப்பும் சீமெந்தை அப்பிடி நுரைக்க வைக்காது. பெரிய கம்பெனிக்காரர்ட கன ரொய்லெட் கிளீனர்லயும் ஹைட்ரோகுளோரிக் அசிட்தான், அதை நான் குறை சொல்லேல்ல, ஆனா வீட்டுல கிடந்த அவையின்ர போத்தல்ல அந்தப் பேரும் பிளீச்சோட சேர்க்க வேண்டாம் எண்டதும் எழுதியிருக்கு.

கடைக்குப் போய்க் கேட்டன். நிக்கிற தம்பி "இதுல கெமிக்கலே இல்லக்கா, எல்லாம் லைம்தான்" எண்டான். "தேசிக்காய்க்கு உந்த விலையோடா தம்பி?" எண்டன், சிரிச்சுட்டு முதலாளியைப் பாத்தான். முதலாளி சொன்னார், ஃபார்முலாவை வெளிய சொன்னா பக்கத்துக் கடைக்காரன் செய்திடுவானாம். இதே கதையைத்தான் உலகம் முழுக்கச் சொல்லுகினம் போல. கலிபோர்னியாவில 2017ல சட்டம் கொண்டு வந்து, 2020ல இருந்து வெப்சைட்லயும் 2021ல இருந்து லேபல்லயும் என்ன இருக்கெண்டு போட வச்சவை, அதுக்காகக் கம்பெனி ஒண்டும் மூடேல்ல.

அந்த "பெர்ஃபியூம்" எண்ட சொல்லும் எனக்கு உறுத்துது. அதுக்குள்ள பத்து இருவது சாமான் ஒளிஞ்சிருக்கலாம், மணம் கெதியாப் போகாம இருக்கத் தலேட் (phthalate) எண்ட கெமிக்கல் சேர்க்கிறதும் உண்டு. ஐரோப்பாவில 2004 டிட்டர்ஜென்ட் சட்டப்படி லினலூல், லிமோனீன் மாதிரி அலர்ஜி வரக்கூடிய வாசனைச் சாமான் 0.01 வீதத்துக்கு மேல இருந்தா பேர் சொல்லிப் போடவேணும். இவையின்ர லவெண்டர் ப்ளோர் கிளீனரால துடைச்சா மணம் ரெண்டு நாளைக்கு நிக்கும், அம்மாவுக்கு இழுப்பு (ஆஸ்துமா) இருக்கு, அதாலதான் கூடினதெண்டு நான் சொல்ல வரேல்ல, ஆனா டொக்டர் என்ன பாவிக்கிறீங்கள் எண்டு கேட்டா லவெண்டர் எண்டுதானே சொல்லலாம்? சின்னப் பிள்ளை ஒண்டு குடிச்சிட்டுதெண்டு வைப்பம், பெரியாஸ்பத்திரி நச்சுத் தகவல் நிலையத்துல முதல் கேக்கிறதே உள்ள என்ன இருந்ததெண்டுதான்.

அஞ்சுக்கு ரெண்டு ஸ்டார், ரெண்டும் கறைக்கு. டிஷ் வோஷ் இன்னும் அங்கதான் வாங்குறன், பாத்ரூமுக்கு ஒழுங்கான லேபல் உள்ளதை வாங்கியாச்சு. நுகர்வோர் அதிகார சபைக்கு 1977 எண்ட நம்பருக்கு அடிச்சும் சொல்லியிருக்கிறன்.

வெளிக்கிடேக்க அந்தத் தம்பி முதலாளிக்குத் தெரியாம மார்க்கரை எடுத்து என்ர போத்தல்ல தேசிக்காய்ப் படத்துக்கு மேல பெரிசா "அசிட்" எண்டு எழுதித் தந்தான். எனக்குப் பின்னால நிண்ட அன்ரிக்கு மற்றப் போத்தல்தான், வெறும் தேசிக்காயோட.