மலிவு விலை சைலன்சர்: கோவைப் பக்கம் பட்டறை தேடுவோர் கவனத்துக்கு

கோவை, திருப்பூர், ஈரோடு வட்டாரத்தில் காருக்குக் குறைந்த செலவில் சைலன்சர் மாற்ற நினைப்பவர்கள் இதைப் படித்துவிட்டுப் பட்டறைக்குப் போங்கள். எனக்கு வேலை செய்த பட்டறையின் பெயரை எழுதப்போவதில்லை. புகார் கொடுக்கப்போகிறேன் என்பது ஒரு காரணம். பெயரைச் சொன்னால் அந்த ஒரு கடையை மட்டும் ஒதுக்கிவிட்டு, இதே வேலையைச் செய்யும் அடுத்த கடையில் போய் நிற்பீர்கள் என்பது இன்னொரு காரணம். எப்படி ஏமாற்றுகிறார்கள் என்று தெரிந்தால் போதும்.

என்னுடையது 2018 மாடல், 1.2 லிட்டர் பெட்ரோல் கார். கோபியில் வீட்டிலிருந்து கடைக்கு, கடையிலிருந்து மண்டிக்கு என்று சின்னச் சின்ன ஓட்டம்தான் அதிகம். இப்படி ஓடும் கார்களின் சைலன்சர் உள்ளிருந்தே துருப்பிடிக்கும். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகி வெளியேற வேண்டியிருக்கிறது. குழாய் நன்றாகச் சூடாகும் முன்பே இன்ஜினை அணைத்துவிட்டால் அந்த ஈரம் பின்பக்க டப்பாவிலேயே தங்கி அரிக்க ஆரம்பிக்கும். என் காரில் டப்பாவின் மடிப்பில் ஓட்டை விழுந்து, தெருமுனையில் திரும்பும்போதே வீட்டில் எல்லோருக்கும் நான் வருவது தெரிந்துவிடும் நிலை. கம்பெனி சர்வீசில் பின் டப்பாவுக்கு மட்டும் கூலியோடு சேர்த்து 11,000 ரூபாய்க்கு மேல் சொன்னார்கள்.

கோவைப் புறநகர்ப் பட்டறையில் சொன்ன கணக்கு வேறு. “முன்னாலிருந்து பின்னால் வரை முழு லைனையும் 304 ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் செய்து தருகிறேன் அண்ணா, 14,500 ரூபாய். ஆயுசுக்கும் துரு ஏறாது.” பம்பு செட்டும் மோட்டாரும் வார்ப்படமும் செய்தே பேர் வாங்கிய ஊர், சந்துக்கு ஒரு லேத் இருக்கிறது. இந்த ஊரில் ஒரு குழாயை வளைத்து வெல்டிங் வைக்கத் தெரியாதவர் இருப்பாரா என்றுதான் யாருக்கும் தோன்றும். நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: சத்தம் பழையபடி இருக்க வேண்டும். உறுமுகிற வயது எனக்கும் இல்லை, காருக்கும் இல்லை.

அப்போது அவர் ஒரு வித்தை காட்டினார். சட்டைப் பையிலிருந்து ஒரு வட்டக் காந்தத்தை எடுத்து, காருக்கு அடியில் கையை விட்டுப் பழைய குழாயில் வைத்தார். டக்கென்று ஒட்டிக்கொண்டது. அதையே பிடுங்கித் தன் கடையில் சாய்த்து வைத்திருந்த பளபளப்பான குழாயில் வைத்தார். வழுக்கித் தரையில் விழுந்தது. “பார்த்தீர்களா? கம்பெனிக்காரன் உங்களுக்குப் போட்டது வெறும் இரும்பு. இதுதான் ஒரிஜினல் எஸ்.எஸ்.”

இந்த வித்தையை உங்களிடமும் காட்டுவார்கள், அதனால் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன். கார் கம்பெனிகள் சைலன்சர் குழாய்களுக்குப் பரவலாகப் பயன்படுத்துவது 409 வகை ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். அதில் குரோமியம் 11 சதவீதம் அளவில் இருக்கும், நிக்கல் கிட்டத்தட்ட இருக்காது. அதில் காந்தம் ஒட்டும். ஒட்டுவதால் அது வெறும் இரும்பு ஆகிவிடாது. மறுபக்கம், 304 வகையில் குரோமியம் 18, நிக்கல் 8 சதவீதம் என்ற அளவில் இருக்க வேண்டும்; அதில் காந்தம் ஒட்டாது. ஆனால் நிக்கலைக் குறைத்து மாங்கனீஸைச் சேர்த்துச் செய்யும் 200 வரிசையிலும், அதே வரிசையில் பாத்திரக் கடைகளில் புழங்கும் ஜே4 ரகத்திலும்கூடக் காந்தம் ஒட்டாது. ஆக அந்தக் காந்தம் நல்லதைக் கெட்டது என்றும் கெட்டதை நல்லது என்றும் ஒரே மூச்சில் சாட்சி சொல்லிவிட்டது. பழைய இரும்புக் கடைக்காரர்கள் இதற்கெல்லாம் ஏமாறுவதில்லை. அவர்களிடம் ஒரு சொட்டுத் திரவம் இருக்கிறது. அதை உலோகத்தில் விட்டுச் சின்ன பேட்டரியைத் தொட்டால் மாங்கனீஸ் மிகுந்த ரகம் சிவந்து காட்டிக்கொடுத்துவிடும்.

காரைக் காலையில் விட்டுவிட்டு மாலையில் எடுக்கச் சொன்னார்கள். எடுக்கப் போனபோது அடிப்பக்கம் கல்யாண வீட்டுப் பாத்திரம்போல் மின்னியது. பழைய பாகங்கள் எங்கே என்று கேட்டேன். “பக்கத்துக் கடையில் எடைக்குப் போட்டுவிட்டோம் அண்ணா, அதற்குத்தான் 500 ரூபாய் கழித்திருக்கிறேன்” என்றார். சொல்லும்போது பெருந்தன்மை வேறு. அந்த 500 ரூபாய்க் கழிவில்தான் மொத்த மோசடியும் இருக்கிறது.

திரும்பும் வழியிலேயே முதல் தொல்லை தெரிந்துவிட்டது. கருமத்தம்பட்டி தாண்டி 544 நெடுஞ்சாலையில் வேகம் 80ஐத் தொட்டதும் காருக்குள் ஓர் இரைச்சல் எழுந்து அப்படியே நின்றது. வெளியே பெரிதாகச் சத்தமில்லை, உள்ளே காது அடைக்கிறது. குறிப்பிட்ட வேகத்தில் இன்ஜின் துடிப்பும் குழாயின் அதிர்வும் ஒத்துப்போகும்போது வரும் ரீங்காரம் இது. இதை விழுங்குவதற்காகவே கம்பெனி நடுவில் ரெசனேட்டர் என்று ஒரு சின்ன டப்பாவை வைத்திருக்கிறது. என் காரில் அது இருந்த இடத்தில் இப்போது நேர்குழாய். குழாயும் இரண்டரை இஞ்ச். இந்தச் சின்ன இன்ஜினுக்கு அது மிகப் பெரிது. புகையின் ஓட்டம் மந்தமாகி, குறைந்த சுற்றில் இழுவை போய்விடும். சத்தியமங்கலம் வழியாகத் தாளவாடிக்குப் போனபோது திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளும் அதை எனக்குத் தனித்தனியாகப் புரியவைத்தன. முன்பு இரண்டாவது கியரில் ஏறிய இடங்களில் முதல் கியரும் முனகலும். புலிகள் காப்பகத்துக்குள் இந்தச் சத்தத்தோடு போவது இன்னும் கூச்சமாக இருந்தது.

பிறகு வாடை. காரைக் கிளப்பிவிட்டுப் பின்னால் நின்றால் கண் எரிந்தது. புகைச் சான்றிதழ் புதுப்பிக்கப் போனபோது சோதனைக் கருவி ஒத்துக்கொள்ளவில்லை. பி.எஸ்.4 என்ற மாசு விதிப்படி செய்த பெட்ரோல் காருக்குச் சும்மா நிற்கும்போது கார்பன் மோனாக்சைடு 0.3 சதவீதத்துக்குள்ளும், எரியாத ஹைட்ரோகார்பன் 200 பி.பி.எம்.முக்குள்ளும் இருக்க வேண்டும். இரண்டிலுமே என் கார் எல்லை தாண்டியிருந்தது. அதற்கு முந்தைய சான்றிதழ் டேஷ்போர்டுக்குள்ளேயே இருந்தது. அதில் எல்லாம் ஒழுங்கு. டேஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு எதுவும் எரியவில்லை. அதுதான் விசித்திரம்.

ஈரோட்டில் நெடுநாள் பழக்கமுள்ள மெக்கானிக் ஒருவர் காரை லிஃப்டில் தூக்கினார். முன்பக்கம், புகையிலுள்ள நச்சைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் இருக்க வேண்டிய இடத்தில் அதே உருவத்தில் ஒரு டப்பா இருந்தது. ஸ்பேனரால் தட்டினார், காலிப் பானையைத் தட்டியதுபோல் அது ‘ணங்’ என்றது. உள்ளே தேன்கூட்டு வடிவில் பீங்கான் கட்டி இருந்தால் அப்படிச் சத்தம் வராது. அதற்கு அடுத்திருந்த ஆக்சிஜன் சென்சாரைக் காட்டினார். குழாயில் நேராகத் திருகியிருக்க வேண்டிய அது, புஷ் என்கிற ஒரு சின்ன இடைக்குழாய் மேல் ஏறி விரல்கனம் வெளியே தள்ளி நின்றது.

அந்த புஷ் எதற்கு என்பதையும் அவரே சொன்னார். கன்வெர்ட்டருக்கு முன்னால் ஒரு சென்சார், பின்னால் ஒரு சென்சார். முன்னது புகையிலுள்ள ஆக்சிஜன் ஏறி இறங்குவதை அப்படியே காட்டும். கன்வெர்ட்டர் வேலை செய்தால் பின்னது அசையாமல் நிற்கும். கன்வெர்ட்டரைக் கழற்றிவிட்டால் இரண்டும் ஒரே ஆட்டம் ஆடும்; காரின் கம்ப்யூட்டர் உடனே பி0420 என்ற பிழையைப் பதிந்து விளக்கை எரியவிடும். சென்சாரைப் புகையின் ஓட்டத்திலிருந்து கொஞ்சம் வெளியே இழுத்துவிட்டால் ஆட்டம் அடங்கி, எல்லாம் நலம் என்று அது பொய் சொல்லும். வேண்டுமென்றே லேத்தில் கடைந்து வைத்த புஷ் அது. கைதவறி நடந்தது என்று யாரும் சொல்ல முடியாது.

கன்வெர்ட்டரின் பீங்கான் கட்டி மேல் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூசப்பட்டிருக்கிறது. அதனால்தான் பழைய இரும்பு வியாபாரத்தில் அதை மற்ற இரும்போடு சேர்த்து எடை போடுவதில்லை. உருப்படிக்கு இவ்வளவு என்று தனி விலை. புதிதாக வாங்க என் காருக்கு 40,000 ரூபாய்க்கு மேல் சொன்னார்கள். 14,500 ரூபாய்க்கு முழு லைனும் எப்படிக் கட்டுப்படியாகிறது என்ற கேள்விக்கு விடை அங்கே கிடைத்தது. மீதிப் பணத்தை என் காருக்கு அடியிலிருந்தே எடுத்துக்கொண்டிருக்கிறார்.

கழற்றிய குழாயில் மற்ற சீர்கேடுகளும் தெரிந்தன. வெளியே வரிசையாக அழகாக இருந்த வெல்டிங், உள்ளே கறுத்துக் கட்டி கட்டியாக இருந்தது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கு வெல்டிங் வைக்கும்போது குழாயின் உட்புறத்திலும் ஆர்கன் வாயுவை ஓடவிட வேண்டும். விடாவிட்டால் உட்புறம் கருகி, அங்கிருந்துதான் விரிசல் தொடங்கும். வளைவுகளில் குழாய் நசுங்கிப்போயிருந்தது. குழாயின் சூடு பெட்ரோல் டேங்கைத் தாக்காமல் தடுக்கும் வெப்பத் தகட்டைக் கழற்றியவர்கள் திரும்ப மாட்டவில்லை. இதைப் பார்த்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது; மற்றதெல்லாம் பணம், இது உயிர். வார்ப்பட ஆலையில் வேலை செய்யும் உறவினர் ஒரு துண்டை வாங்கிப்போய் உலோகத்தில் எது எவ்வளவு கலந்திருக்கிறது என்று காட்டும் அவர்கள் ஸ்பெக்ட்ரோ கருவியில் வைத்துப் பார்த்தார். நிக்கல் ஒரு சதவீதத்தை ஒட்டித்தான் வந்தது. 304 என்று விற்றது பாத்திர ரகம்.

பட்டறைக்காரரிடம் கேட்டதற்கு வந்த பதிலையும் பதிவு செய்கிறேன். “கன்வெர்ட்டர் அடைத்துப்போயிருந்தது அண்ணா, உங்கள் நன்மைக்காகத்தான் எடுத்தோம்.” அடைத்துப்போன கார் எப்படி முந்தைய புகைச் சோதனையில் தேறியது என்றேன். பதில் இல்லை. என் நன்மைக்காக எடுத்தவர் என்னிடம் ஏன் சொல்லவில்லை, சென்சாருக்கு ஏன் பொய்க்கால் கட்டினார் என்றேன். போனை வைத்துவிட்டார்.

இன்னொரு கொடுமையும் உண்டு. சட்டம் முதலில் பிடிப்பது வண்டிக்காரரைத்தான். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் வகுத்த அமைப்புக்கு முரணாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டுத் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். ஒலி, புகை வரம்பை மீறி ஓட்டினால் 190(2) பிரிவில் முதல் தடவைக்கே 10,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. கன்வெர்ட்டரைத் திருடியவர் கடையில் உட்கார்ந்திருப்பார். சாலையில் கை காட்டி நிறுத்தப்படுவது நீங்கள். ஆகவே ‘கன்வெர்ட்டரை எடுத்துவிட்டால் மைலேஜ் கூடும்’ என்று யாராவது ஆசை காட்டினால் சாவியை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.

செலவைக் குறைக்க நியாயமான வழி இருக்கிறது. துருப்பிடித்தது பின் டப்பா என்றால் பின் டப்பாவை மட்டும் மாற்றினால் போதும். உங்கள் மாடலுக்கே அளவெடுத்துச் செய்த டப்பா உதிரிபாகக் கடைகளில் கம்பெனி விலையைவிடக் குறைவாகக் கிடைக்கிறது. அதை மாட்ட ஒரு சைலன்சர் வெல்டிங் கடை போதும்; கன்வெர்ட்டர் பக்கம் யாரும் கை வைக்க வேண்டிய அவசியமே இல்லை. காரை விடும் முன் அடிப்பக்கத்தைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், முக்கியமாகக் கன்வெர்ட்டரின் மேல் அச்சிட்டிருக்கும் எண்ணை. வேலை முடியும் வரை கூடவே இருக்க முடிந்தால் இருங்கள். கழற்றிய பழைய பாகங்கள் அத்தனையும் டிக்கியில் ஏற வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். அதற்கு முகம் சுளிக்கும் பட்டறை உங்களுக்கு வேண்டாம். பில்லில் ‘சைலன்சர் வேலை’ என்று மொட்டையாக எழுதாமல் உலோகத்தின் ரகத்தையும் எழுதச் சொல்லுங்கள். ‘பில் இல்லாமல் என்றால் குறைத்துக்கொள்கிறேன்’ என்பார்கள். அந்தக் குறைப்பு உங்களுக்குக் கிடைக்கும் சலுகை அல்ல, அவருக்குக் கிடைக்கும் பாதுகாப்பு.

எனக்கும் துண்டுச் சீட்டுதான் கொடுத்தார்கள். ஆனால் ‘304 போட்டுத் தருகிறேன்’ என்று அவரே அனுப்பிய வாட்ஸ்அப் குரல்பதிவு இருக்கிறது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் புகார்தாரர் தான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனு கொடுக்கலாம். கோவைக்கு அலைய வேண்டியதில்லை. ஐந்து லட்சம் ரூபாய் வரையான மதிப்புக்குக் கட்டணமும் இல்லை. சம்பவம் நடந்து இரண்டு ஆண்டுக்குள் கொடுத்துவிட வேண்டும். அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் பதிவு செய்யலாம், செய்திருக்கிறேன்.

இப்போது காரில் புதிய கன்வெர்ட்டரும் உதிரிபாகக் கடையில் வாங்கிய பின் டப்பாவும் இருக்கின்றன, வெப்பத் தகடும் திரும்ப ஏறிவிட்டது. புகைச் சோதனையில் தேறியாகிவிட்டது. கன்வெர்ட்டர் பணமும் பட்டறைக்குக் கொடுத்த பணமும் வர வேண்டியிருக்கிறது. இரண்டு புகைச் சோதனைச் சீட்டுகள், குரல்பதிவு, சென்சாரின் அடியிலிருந்து கழற்றிய அந்த புஷ் ஆகியவற்றோடு ஈரோடு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கான மனு தயாராகிக்கொண்டிருக்கிறது.