கொடைக்கானல் – ராமேஸ்வரம் பேக்கேஜ்: வீட்டுப் பெரியவர்களோடு கிளம்புகிறவர்கள் கவனத்துக்கு

வயசானவர்களையும் குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு மலையையும் தீவையும் ஒரே பயணத்தில் பார்த்துவிடலாம் என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் பேக்கேஜுக்குப் பணம் கட்டப் போகிறீர்களா? கட்டுவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். போன அரையாண்டு விடுமுறையில் எங்கள் வீட்டுப் பெரியவர்கள் பட்ட பாடு வேறு யாருக்கும் வரக் கூடாது.

நாங்கள் 11 பேர். எண்பதைத் தாண்டிய அத்தை, அப்பா, முழங்கால் வலியோடு அம்மா, அக்கா, நான், தம்பி என்று மூன்று குடும்பம். கடைக்குட்டிக்கு மூன்று வயசு. திருச்சியில் ஏஜெண்டிடம் இதையெல்லாம் சொன்னோம். படி ஏற முடியாது, தரைத்தளத்தில் ரூம் வேண்டும், வெந்நீர் கட்டாயம் வேண்டும் என்று மெசேஜிலும் அனுப்பினோம். "எல்லாம் பார்த்துக்கலாம் சார், நம்ம அப்பா அம்மா மாதிரி" என்று பதில் வந்தது. பேக்கேஜ் 84,000 ரூபாய், முன்பணம் 50,000. ஏரியிலிருந்து நடக்கும் தூரத்தில் காட்டேஜ், மஞ்சள் போர்டு வேன், காட்டுக்குள் இருக்கும் பேரிஜம் ஏரிக்குப் பர்மிட், ராமேஸ்வரத்தில் கோயில் பக்கத்தில் தங்கல், தனுஷ்கோடி. எல்லாமே எழுத்தில் இருந்தது.

கிளம்புகிற அன்று விடியற்காலையில் வாசலில் வந்து நின்றது வெள்ளை போர்டு வண்டி. "அந்த வேன் ரிப்பேர், இதுவும் நம்ம வண்டிதான்" என்றார்கள். சொந்த உபயோகத்துக்குப் பதிவு செய்த வண்டியை வாடகைக்கு ஓட்டுவது சட்டப்படி தப்பு. வழியில் விபத்து என்றால், வாடகைக்கு ஓடிய வண்டி என்று சொல்லி இன்சூரன்ஸ்காரர்கள் கையை விரித்துவிடலாம். அதுவும் கொண்டை ஊசி வளைவுகள் உள்ள மலைப்பாதைக்கு!

மலையேறும்போது சோதனைச்சாவடியில் நிறுத்தினார்கள். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கும் நீலகிரிக்கும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வேண்டும். அதில் வண்டி எண் இருக்கும். ஏஜெண்ட் எடுத்திருந்த பாஸில் இருந்தது வேறு எண். இத்தனைக்கும் அந்த பாஸுக்கு எங்களிடம் 500 ரூபாய் வாங்கியிருந்தார். அரசு இணையதளத்தில் அது முழுக்க இலவசம். பெயர், வண்டி எண், தங்கும் நாட்கள் கொடுத்தால் ஐந்து நிமிஷத்தில் வந்துவிடும். அங்கேயே நின்று தம்பி தன் போனில் புதிதாக எடுத்தான். அப்புறம் வண்டிக்குள் பார்த்தார்கள். ஏஜெண்ட் அன்பளிப்பு என்று ஏற்றிவிட்ட சின்னத் தண்ணீர் பாட்டில்கள்! ஐந்து லிட்டருக்குக் குறைவான பிளாஸ்டிக் பாட்டில்களுக்கு மலையில் தடை. பாட்டிலுக்கு 20 ரூபாய் பசுமை வரி. அதையும் நாங்கள்தான் கட்டினோம். மாதாமாதம் கொடைக்கானல் டூர் நடத்துவதாகச் சொல்கிறவருக்கு இது தெரியாமலா இருக்கும்?

இதுவரைக்கும் பொறுத்துக்கொண்டோம். காட்டேஜைப் பார்த்ததும்தான் வயிறு கலங்கியது.

ஏரியைத் தாண்டி, ஊரைத் தாண்டி, வில்பட்டி சாலையில் இறங்கிக்கொண்டே போனது வண்டி. அதற்குள் இருட்டிவிட்டது. ஓரிடத்தில் நிறுத்தி, "இதுக்கு மேல வண்டி போகாதுண்ணே" என்றார் டிரைவர். சரிவில் மண்ணை வெட்டிக் கல் பதித்த படிகள். கைப்பிடி கிடையாது, விளக்கு கிடையாது, மார்கழிப் பனியில் கல்லெல்லாம் ஈரம். அறுபது படிக்கு மேல் இருக்கும். அம்மா முதல் படியில் காலை வைத்துப் பார்த்துவிட்டு, "நான் வண்டியிலேயே படுத்துக்கிறேன்டா" என்றார். அத்தையை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து, டிரைவரும் தம்பியும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து, பின்னால் அக்கா போனில் டார்ச் அடிக்க, ஒவ்வொரு படியாக இறக்கினார்கள். பாதியில் நாற்காலியின் ஒரு கால் வளைந்தது. அத்தை வாய்விட்டு முருகனைக் கூப்பிட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

உள்ளே மூன்று ரூமுக்குப் பதில் இரண்டு. ரஜாயைத் தொட்டால் கை ஈரமானது. கீசர் வேலை செய்யவில்லை. ஹீட்டர் வேண்டுமென்றால் ஒரு ராத்திரிக்கு 500 ரூபாய் தனி. டிசம்பரில் கொடைக்கானல் ராத்திரி பத்து டிகிரிக்குக் கீழே போகும் என்பது அங்கே ரூம் விடுகிற எல்லாருக்கும் தெரியும். விறகடுப்பில் வெந்நீர் வைத்துக் குடத்தில் சுமந்து வந்து கொடுத்தவர் அந்த இடத்தின் வாட்ச்மேன். அவரையும் டிரைவரையும் ஒரு வார்த்தை குறை சொல்ல மாட்டேன். அவர்களுக்கும் ஏஜெண்ட் சம்பள பாக்கி வைத்திருந்தார்.

ஏஜெண்டுக்குப் போன் போட்டால், "சீசன் சார், அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க." அடுத்த நாள் பேரிஜம் பர்மிட் கேட்டோம். அது வனத்துறை அனுமதி. முன்கூட்டியே வாங்க வேண்டியது. அவர் விண்ணப்பிக்கவே இல்லை. கோக்கர்ஸ் வாக்கும் தூண் பாறையும் பார்த்தோம். பெரியவர்கள் மூன்று பேரும் வண்டியை விட்டு இறங்கவில்லை. மறுபடியும் அந்தப் படியை நினைத்தே அவர்களுக்குப் பாதி உயிர் போய்விட்டது.

ராமேஸ்வரம் கதை இன்னும் மோசம். பேக்கேஜில் போட்டிருந்தது: "காலை கொடைக்கானலில் டிபன், மாலை தனுஷ்கோடி." வத்தலக்குண்டு வழியாக மதுரைக்கு ஏறக்குறைய 120 கிலோமீட்டர், அதில் பாதி மலைப்பாதை. மதுரையிலிருந்து ராமேஸ்வரம் இன்னும் 170. குழந்தைகளின் வாந்தி, பெரியவர்களின் பாத்ரூம், சாப்பாடு எல்லாம் சேர்த்தால் பொழுது முழுக்க ரோட்டிலேயே கழியும். பாம்பன் பாலம் ஏறும்போதே நன்றாக இருட்டிவிட்டது. பொழுது சாய்ந்த பிறகு தனுஷ்கோடிக்கு வண்டி விடமாட்டார்கள். 1964 புயலில் தனுஷ்கோடியில் பாம்பன் பாசஞ்சர் ரயில் கடலோடு போன செய்தியைப் பள்ளிக்கூட வயசில் ரேடியோவில் கேட்டவர் அப்பா. அந்த இடத்தை ஒருமுறை பார்க்க வேண்டும் என்று வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தார். பதிவு செய்த ரூமும் அங்கே இல்லை. ஐயப்ப பக்தர்கள் கூட்டம் நிரம்பிய ஊரில் அந்த நேரத்தில் எங்கே தேடுவது? கடைசியில் ஒரு மடத்து ஹாலில் பாய் விரித்துப் படுத்தோம். காலையில் அத்தைக்குக் காய்ச்சல். அக்கினி தீர்த்தமும் இல்லை, 22 தீர்த்தமும் இல்லை. நேரே திருச்சி ஆஸ்பத்திரி.

அதனால் சொல்கிறேன். காட்டேஜ் பெயரை மட்டும் கேட்காதீர்கள். மேப் லொகேஷனை வாங்கி ஏரியிலிருந்து எவ்வளவு தூரம் என்று பாருங்கள். வண்டி நிற்கும் இடத்திலிருந்து ரூம் கதவு வரை நடந்தபடி ஒரு வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அனுப்பத் தயங்கினால் வேறு இடம் பாருங்கள். இ-பாஸை நீங்களே எடுங்கள். வண்டி எண்ணை முந்தின நாளே கேளுங்கள். மலையிலிருந்து இறங்கிய நாள் மதுரையில் தங்கிவிடுங்கள். 2025 ஏப்ரலில் புதிய பாம்பன் பாலம் திறந்த பிறகு ராமேஸ்வரத்துக்கு மறுபடியும் ரயில் போகிறது. மூட்டு வலிக்காரர்களுக்கு அதுதான் சௌகரியம். கொடைக்கானல், ராமேஸ்வரம் இரண்டு ஊரிலும் சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் ஹோட்டல் தமிழ்நாடு இருக்கிறது. நேரடியாகவே பதிவு செய்யலாம்.

ஏற்கெனவே ஏமாந்தவர்கள் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுங்கள். நாங்கள் கொடுத்த பிறகுதான் ஏஜெண்ட் போனையே எடுத்தார். 12,000 ரூபாய் திருப்பி அனுப்பினார். மீதிக்கு மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு போட்டிருக்கிறோம். கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை, இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். மெசேஜ், ஜிபே ரசீது, அந்தப் படிகளின் போட்டோ எதையும் போனிலிருந்து அழித்துவிடாதீர்கள். எங்கள் மனுவோடு நாங்கள் வைத்திருப்பதும் அவைதான்.