பழைய ஆம்பை (ஆம்ப்ளிஃபயரை) சர்வீஸுக்குக் கொடுப்பவர்கள் கவனத்துக்கு: என் ஆம்பின் எர்த் ஒயரை வெட்டிக் கொடுத்துவிட்டார்கள்

போன ஆடி மாதம் புதுக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமத்தில் அம்மன் கோயில் திருவிழாக் கச்சேரி. நான் மெல்லிசைக் குழுவில் பேஸ் கிட்டார் வாசிக்கிறேன், கோரஸும் பாடுவேன். இரண்டாவது பாட்டில் கோரஸ் வந்தபோது மைக் பக்கம் குனிந்தேன். உதடு மைக்கின் வலையில் பட்டதுதான் தாமதம், சுரீர் என்று ஒரு அடி. தலை தானாகப் பின்னால் போனது. பல்லெல்லாம் கூசியது. செப்புக் காசை வாயில் அடக்கி வைத்த மாதிரி ஒரு ருசி, மறுநாள் காலை வரை போகவில்லை.

பாட்டு முடிந்ததும் சவுண்ட் சர்வீஸ் தம்பி டெஸ்டரை எடுத்து வந்தார். மைக்கில் வைத்தார், எரியவில்லை. என் பேஸ் கம்பியில் வைத்தார், பளிச்சென்று எரிந்தது. "அண்ணே, கரண்ட் உங்க கையிலதான் இருக்கு" என்றார். ஆம்பை ஆஃப் செய்து ஒயரைப் பிடுங்கிவிட்டு, மீதிக் கச்சேரியை டிஐ பாக்ஸ் (கிட்டார் ஒலியை மிக்ஸருக்கு அனுப்பும் சின்னப் பெட்டி) வழியாக நேராக மிக்ஸரில் போட்டு வாசித்தேன்.

அந்த ஆம்ப் மூன்று வாரம் முன்புதான் "முழுசா ரீஃபர்பிஷ் பண்ணியாச்சு" என்று என் கைக்கு வந்திருந்தது. அதற்கு நான் கொடுத்த கூலி 14,500 ரூபாய்.

கடையின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. புகார் கொடுத்திருக்கிறேன், அது தன் வழியில் போகட்டும். இந்த மாதிரி வேலை ஒரே ஒரு கடையில் மட்டும் நடக்கிறது என்றும் நான் நினைக்கவில்லை. என்ன செய்தார்கள், எப்படிக் கண்டுபிடிப்பது என்பதுதான் மற்ற வாசிப்பவர்களுக்குத் தேவை.

ஆம்ப், பீவி டிஎன்டி வரிசைக் காம்போ, அதாவது ஆம்பும் ஸ்பீக்கரும் ஒரே பெட்டியில். மிசிசிப்பி மாநிலத்தின் மெரிடியன் ஊரில் 1965-ல் தொடங்கிய கம்பெனி. அவர்களுடைய பழைய ஆம்ப்கள் அழகுக்குப் பேர் போனவை அல்ல, உழைப்புக்குப் பேர் போனவை. 15 இன்ச் பிளாக் விடோ ஸ்பீக்கர், இரண்டு பேர் சேர்ந்து தூக்க வேண்டிய கனம். எங்கள் ஊர் சர்ச் ஒன்றில் பல வருடம் கிடந்ததை 18,000 ரூபாய்க்கு வாங்கினேன். அமெரிக்காவிலிருந்து வந்தது என்பதால் 120 வோல்ட். வெளியே ஒரு ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வைத்துத்தான் ஓட்ட வேண்டும். வால்யூம் திருப்பினால் கரகரப்பு, பின்னணியில் விடாமல் ஹம் என்ற ரீங்காரம். வயசான ஆம்பில் இதெல்லாம் இயல்பு, சரி செய்யக்கூடியதும்தான்.

வீடியோக்களில் பளபளவென்று பழைய ஆம்ப்களைக் காட்டும் ஒரு கடைக்கு அனுப்பினேன். போனில் பேசியவர் நிறைய விஷயம் தெரிந்தவர் போலத்தான் பேசினார். கரண்டைச் சீராக்கும் ஃபில்டர் கண்டென்சர் நான்கையும் மாற்றுவோம், டிரான்ஸ்ஃபார்மரை 230 வோல்ட்டுக்குச் சுற்றிக் கொடுப்போம், ஸ்பீக்கர் கோனைப் பார்த்துத் தேவைப்பட்டால் ரீகோன் (புது கோன் போடுவது), புது ரெக்சின். பேஸையும் அனுப்புங்க சார், ஃப்ரெட் லெவல் பண்ணி செட்டப் பண்ணித் தரோம் என்றார். (ஃப்ரெட் என்பது கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கட்டைகள்.) அனுப்பினேன். இரண்டு வாரம் என்றார்கள், ஏழு வாரம் ஆனது.

வந்தபோது எனக்குச் சந்தோஷம்தான். ரெக்சின் புதுசு, மூலைகளில் புது இரும்பு, கைப்பிடி புதுசு, மூன்று பின் பிளக்குடன் தடிமனான புது ஒயர். ஹம் சுத்தமாக இல்லை. வீட்டில் செருப்புப் போட்டுக்கொண்டு, மைக் எதுவும் இல்லாமல் வாசித்துப் பார்த்ததில் ஒரு குறையும் தெரியவில்லை.

கச்சேரி முடிந்து வந்த ஞாயிற்றுக்கிழமை, எங்கள் தெருவில் மின் வாரியத்திலிருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவருடன் உட்கார்ந்து ஆம்பைத் திறந்தேன். மாமா என்றுதான் கூப்பிடுவேன். பின்பலகையின் எட்டு ஸ்குரூவைக் கழற்றியதும் அவர் டார்ச்சை உள்ளே அடித்தார், ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் புது ஒயரின் கருப்பு உறை முடிகிற இடத்தைக் காட்டினார். சிவப்பும் கருப்பும் போக வேண்டிய இடத்துக்குப் போயிருந்தன. பச்சை ஒயர் அரை இன்ச் நீளத்தில் வெட்டப்பட்டு, இன்சுலேஷன் டேப் சுற்றி, மடக்கி உள்ளே சொருகப்பட்டிருந்தது. டேப்பை மாமா நகத்தால் பிரித்தார். செம்பு மின்னியது. "மறந்து விட்டது இல்ல தம்பி. வேணும்னேதான் வெட்டியிருக்கான்."

ஹம் போனது இப்படித்தான்.

இதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஹம்மில் இரண்டு வகை உண்டு. நம் ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். ஆம்பும் மிக்ஸரும் வெவ்வேறு இடத்தில் எர்த் ஆகி, நடுவே கேபிளும் இணைந்தால் ஒரு வளையம் உண்டாகும். அதில் வரும் ஹம் பெரும்பாலும் 50 ஹெர்ட்ஸை ஒட்டி இருக்கும். பேஸில் ஈ (E) கம்பியின் மூன்றாவது ஃப்ரெட் 49 ஹெர்ட்ஸ், அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஃபில்டர் கண்டென்சர் வறண்டு போனால் வரும் ஹம் இரட்டிப்பு, 100 ஹெர்ட்ஸ். திறந்த ஜி கம்பி 98 ஹெர்ட்ஸ், கிட்டத்தட்ட அதே சுருதி. காதால் கேட்டே எது கோளாறு என்று பேஸ் வாசிப்பவர் ஒருவர் ஓரளவு சொல்லிவிடலாம். முதல் வகைக்குச் சரியான மருந்து டிஐ பாக்ஸில் இருக்கும் 'கிரவுண்ட் லிஃப்ட்' சுவிட்ச். அது ஒலிக் கேபிளின் எர்த்தை மட்டும் பிரிக்கும், மெயின் கரண்ட் எர்த்தைத் தொடாது. மெயின் எர்த்தை வெட்டினாலும் ஹம் நிற்கும், உண்மைதான். கூடவே பாதுகாப்பும் போய்விடும்.

எர்த் இல்லாததால் மட்டும் எனக்கு ஷாக் அடிக்கவில்லை. டிரான்ஸ்ஃபார்மரைச் சுற்றியதாகச் சொன்னார்களே, அதில் கை வைக்கவே இல்லை. கேபினெட்டின் அடியில் மலிவான ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றை ஸ்குரூ போட்டு உட்கார வைத்திருந்தார்கள். அதில் வரும் ஒயரும் போகும் ஒயரும் ஒரு முனையைப் பகிர்ந்துகொள்ளும். அந்தப் பொது முனையில் நியூட்ரல் வர வேண்டும். இவர்கள் ஃபேஸைக் கொடுத்திருந்தார்கள். ஆக, ஆம்ப் நியூட்ரல் என்று நினைத்துக்கொண்டிருந்த ஒயரில் எந்நேரமும் 230 வோல்ட். அந்தக் காலத்து அமெரிக்க ஆம்ப்கள் பலவற்றில் பின்பக்கம் 'கிரவுண்ட்' என்று ஒரு சுவிட்ச் இருக்கும், அதிலிருந்து ஒரு சின்ன கண்டென்சர் சேஸிஸுக்கு (ஆம்பின் உலோகச் சட்டத்துக்கு) போகும். மெக்கானிக்குகள் அதை 'டெத் கேப்' என்றே சொல்வார்கள். என்னுடையதில் 0.047 மைக்ரோஃபாரட். 230 வோல்ட்டில் அதன் வழியே 3 மில்லி ஆம்பியருக்குக் கொஞ்சம் மேல் போகும். சேஸிஸிலிருந்து கேபிளின் உறை வழியாக பேஸின் பிரிட்ஜுக்கு (கம்பிகளைத் தாங்கும் உலோகத் தகட்டுக்கு), பிரிட்ஜிலிருந்து கம்பிக்கு, கம்பியிலிருந்து என் விரலுக்கு, உதட்டிலிருந்து எர்த் ஆன மைக்குக்கு. இதுதான் அன்று கரண்ட் போன பாதை.

3 மில்லி ஆம்பியர் ஆளைக் கொல்லாது, சுண்டி எறியும், அவ்வளவுதான். வீடுகளில் இருக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கும் சுவிட்ச்) அதற்கு அசையக்கூட அசையாது. ஆனால் பல பத்தாண்டு பழசான அந்தக் கண்டென்சர் ஷார்ட் ஆகியிருந்தால் என்னை நிறுத்தி வைக்க நடுவில் ஒன்றுமே இல்லை. 1972-ல் வேல்ஸின் சுவான்சியில், ஸ்டோன் தி குரோஸ் குழுவின் கிட்டார் கலைஞர் லெஸ் ஹார்வி, சரியாக எர்த் ஆகாத மைக்கைத் தொட்டு மேடையிலேயே இறந்தார். கிட்டார் ஒரு கையில், மைக் இன்னொரு கையில். அதைப் படித்த நாளில் எனக்குத் தூரத்துச் செய்தியாக இருந்தது. இப்போது அப்படி இல்லை.

சரி, மற்ற விஷயங்கள். பணம் போனது இவற்றில்தான்.

கண்டென்சர் நான்கு என்றார்கள், மாற்றியது இரண்டு. அந்த இரண்டையும் மாமா கழற்றிக் கையில் எடை பார்த்தார். மாற்றாமல் விட்ட பழையது கட்டைவிரல் தடிமன், கையில் கனம் தெரிந்தது. புதியது அதே தடிமன், காகிதம் மாதிரி லேசு. மேலே 10,000 மைக்ரோஃபாரட் என்று அச்சடித்திருந்தது, மீட்டரில் 2,000 சொச்சம்தான் காட்டியது. பிளேடால் வெளிக்கூட்டை அறுத்துப் பார்த்தோம். உள்ளே சின்ன கண்டென்சர் ஒன்று, சுற்றிலும் அட்டை. சாதாரண வால்யூமில் இது தெரியாது. ஈ கம்பியை அழுத்தி அடித்தால் மட்டும் ஒலி ஒரு கணம் உள்வாங்கிப் பொத்தென்று விழும். 41 ஹெர்ட்ஸ் சுருதிக்குத் தேவையான சக்தி அந்த நேரத்தில் அங்கே இருப்பதில்லை. நான் அதைப் புதுக் கம்பியின் குணம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

என் மனதை அதிகம் நோகடித்தது ஸ்பீக்கர். பிளாக் விடோவில் ஒரு நல்ல ஏற்பாடு உண்டு. காந்தத்தையும் கூடையையும் (கோனைத் தாங்கும் உலோகச் சட்டத்தையும்) பிணைக்கும் ஸ்குரூக்களைக் கழற்றிவிட்டு, கோனோடு கூடையைத் தனியாக மாற்றலாம். பழுது பார்ப்பதற்கென்றே யோசித்துச் செய்த பொருள். அந்த ஸ்பீக்கரே இல்லை. அதன் இடத்தில் பேர் தெரியாத ஒரு 15 இன்ச், முன்னால் புது வலை போட்டு மூடியிருந்ததால் வெளியிலிருந்து தெரியவில்லை. மல்டிமீட்டரில் வைத்தால் 5.8 காட்டியது, மீட்டர் ஸ்பீக்கரின் மதிப்பைவிடக் கொஞ்சம் குறைவாகத்தான் காட்டும், அதாவது 8 ஓம் ஸ்பீக்கர். என்னுடையது 4 ஓம், அது மூன்றே சொச்சம் காட்ட வேண்டும். இந்த வகை ஆம்பில் 4 ஓமுக்குப் பதில் 8 ஓம் போட்டால் கிடைக்கும் சக்தி ஏறத்தாழ பாதிதான்.

பேஸ் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். மெக்சிகோவில் செய்த ஃபெண்டர் ஜாஸ் பேஸ். ட்ரஸ் ராட் (கழுத்தின் வளைவைச் சரிசெய்யும் உள்கம்பி) நட்டுக்கு 3/16 இன்ச் ஆலன் கீ வேண்டும், அதாவது 4.76 மில்லிமீட்டர். மில்லிமீட்டர் செட்டில் கிடைத்த 4.5-ஐப் போட்டு வலுவாகத் திருகியிருக்கிறார்கள், நட்டின் ஆறு மூலையும் மழுங்கிவிட்டது. முதல் ஃப்ரெட்டையும் கடைசி ஃப்ரெட்டையும் அழுத்திப் பிடித்தால் ஏழாவது ஃப்ரெட் பக்கம் ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் அளவு இடைவெளி போதும். என்னுடையதில் இப்போது மூன்று கார்டு நுழைகிறது. நட்டை வெளியே எடுக்க வேறொரு லூத்தியரிடம் (கிட்டார் செய்து பழுது பார்ப்பவரிடம்) கொடுத்திருக்கிறேன்.

கடைக்குப் போன் செய்தேன். முதலில் "எர்த் இருந்தா ஹம் வரும் சார், எல்லாருக்கும் இப்படித்தான் பண்றோம்" என்றார். அதைக் கேட்டபோதுதான் எனக்குப் பயம் வந்தது. எல்லாருக்கும் என்றால் எத்தனை பேர்? இதில் சர்ச் எத்தனை, பள்ளிக்கூடம் எத்தனை? பழைய ஸ்பீக்கர் எங்கே என்றால் "ஸ்கிராப்ல போயிடுச்சு." என்னிடம் இருக்கும் ரசீது, "சர்வீஸ் – 14,500" என்று கையால் எழுதிய ஒரு துண்டுச்சீட்டு. எந்தப் பாகம் மாற்றினார்கள் என்று ஒரு வரி இல்லை. அனுப்பும் முன் ஆம்பின் உட்புறத்தைப் போட்டோ எடுத்து வைக்காதது என் தவறு. ஆனால் வாட்ஸ்அப்பில் அவர்கள் ஒப்புக்கொண்ட வேலைப் பட்டியல் இருக்கிறது, யுபிஐ கணக்கும் இருக்கிறது. அவற்றை வைத்து 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிவு செய்தேன். அங்கே தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்கு அங்கே கட்டணம் கிடையாது.

இனி நான் சர்வீஸுக்குக் கொடுப்பதாக இருந்தால், கழற்றிய பழைய பாகங்கள் ஒன்று விடாமல் ஒரு பையில் திரும்பி வர வேண்டும் என்று முதலிலேயே எழுதி வாங்குவேன். ஸ்பீக்கரின் பின்பக்கத்தையும் சர்க்யூட் போர்டையும் போட்டோ எடுத்துக்கொண்டுதான் அனுப்புவேன். திரும்பி வந்ததும் பிளக்கில் குத்துவதற்கு முன்னால் மல்டிமீட்டரை ஓம்ஸில் வைத்து, ஒரு முனையைப் பிளக்கின் பெரிய பின்னிலும் இன்னொன்றைச் சேஸிஸ் ஸ்குரூவிலோ இன்புட் ஜாக்கின் நட்டிலோ வைத்துப் பார்ப்பேன். ஒரு ஓமுக்குள் காட்டவில்லை என்றால் அதை ஆன் செய்யவே கூடாது. ஒரு நிமிஷ வேலை. உங்கள் வீட்டில், சர்ச்சில், குழுவில் இருக்கும் ஆம்ப் எதுவானாலும் இன்றைக்கே இதைச் செய்து பாருங்கள், சர்வீஸ் செய்யாததாக இருந்தாலும்.

மாமா உள்ளே இருந்த டிரான்ஸ்ஃபார்மரைத் தூக்கி எறிந்துவிட்டார், டெத் கேப்பையும் வெட்டி எடுத்துவிட்டார், எர்த்தைச் சேஸிஸில் போல்ட் போட்டு இறுக்கினார். கண்டென்சர் நான்கையும் சென்னை போனபோது ரிச்சி தெருவில் வாங்கி, அங்கேயே மீட்டர் வைத்துப் பார்த்துத்தான் பணம் கொடுத்தேன். 120 வோல்ட்டுக்கு வெளியே ஒரு ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் (வரும் ஒயரும் போகும் ஒயரும் ஒன்றோடொன்று ஒட்டாதது), எர்த்தோடு. மிக்ஸரில் கோத்தால் 50 ஹெர்ட்ஸ் ஹம் லேசாகத் திரும்பி வந்தது, டிஐ பாக்ஸின் சுவிட்சைத் தட்டியதும் நின்றது. நல்ல நிலையில் ஒரு 4 ஓம் பிளாக் விடோ யாரிடமாவது விலைக்கு இருந்தால் சொல்லுங்கள். திருச்சி, தஞ்சாவூர், புதுக்கோட்டைப் பக்கம் யாருக்காவது தங்கள் ஆம்பைத் திறந்து பார்க்கப் பயமாக இருந்தால் எனக்குச் செய்தி அனுப்புங்கள், ஞாயிற்றுக்கிழமைகளில் மாமாவையும் மீட்டரையும் கூட்டிக்கொண்டு வருகிறேன்.