டிஸ்பேஸா, ஈபிரிண்ட்ஸா, கிரீன்ஸ்டோனா: கல்லூரிக் களஞ்சியத்துக்கு எது?

கல்லூரியின் ஆய்வேடுகள், கட்டுரைகள், நூல்களைக் கணினியில் சேமித்துத் தேடவைக்கும் திறந்த மூல மென்பொருள்கள் இவை மூன்றும். மூன்றும் ஓஏஐ-பிஎம்எச் என்ற பொது நெறிமுறை வழியே, தலைப்பு, ஆசிரியர் போன்ற விவரங்களான மெட்டாடேட்டாவைப் பிற களஞ்சியங்களோடு பகிரும். அதனால் வசதிப் பட்டியலைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க முடியாது. ஆவணத்தை ஏற்றப்போவது யார்? அடுத்த ஆண்டு சர்வரைப் பார்த்துக்கொள்ளப்போவது யார்? இந்த இரண்டுக்கும் விடை தெரிந்தால் போதும்.

நியூசிலாந்தின் வைக்காட்டோ பல்கலைக்கழகத்தில் உருவான கிரீன்ஸ்டோன், ஒரே நூலகர் ஒரே கணினியில் அரிய நூல் ஸ்கேன்களை அடுக்க ஏற்றது. இணையமில்லாமலும் இயங்கும். ஆனால் புதிய ஆவணம் சேர்த்தால் தொகுப்பை மறுபடி முழுதாக உருவாக்க (பில்ட் செய்ய) வேண்டும். மாணவர் ஏற்ற, துறை ஒப்புதல் தரும் நடைமுறைக்கு இது சரிவராது.

அந்த நடைமுறைக்கென்றே பிறந்தது ஈபிரிண்ட்ஸ் (சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகம், 2000). பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் கட்டுரைக் களஞ்சியம் இதில்தான் இயங்குகிறது. அப்பாச்சி, பெர்ல், மைஎஸ்க்யூஎல் போதும். சிறிய சர்வரே தாங்கும். ஏற்றிய கட்டுரை தேடலில் வரவில்லையா? பெரும்பாலும் தேடலுக்கு அட்டவணை தயாரிக்கும் இண்டெக்சர் நின்றுபோயிருக்கும். ஆண்டுவாரி, துறைவாரிப் பக்கங்கள் பழையதாகவே நின்றால், அவற்றைப் புதுப்பிக்கும் கட்டளை, குறித்த நேரத்தில் கட்டளைகளைத் தானாக ஓட்டும் கிரானில் இல்லை என்று பொருள். இதன் உண்மையான பலவீனம் வேறு: பெர்ல் தெரிந்த ஆள் கிடைப்பது அரிது.

எம்ஐடியும் எச்பி ஆய்வகமும் 2002-இல் வெளியிட்ட டிஸ்பேஸ்தான் இன்று மிகப் பரவலானது. இந்திய முனைவர் பட்ட ஆய்வேடுகளின் களஞ்சியமான சோத்கங்காவும் இதில்தான். கம்யூனிட்டி, கலெக்‌ஷன், ஐட்டம் என்ற அடுக்கு பல துறைகள் கொண்ட பல்கலைக்கழகத்துக்குப் பொருந்தும். பழைய ஆய்வேடுகளை மொத்தமாக ஏற்றவும் வழி உண்டு: ஒவ்வொன்றுக்கும் ஒரு ஃபோல்டர், அதில் பிடிஎஃப், டப்ளின் கோர் என்ற மெட்டாடேட்டா வடிவில் ஓர் எக்ஸ்எம்எல் கோப்பு, கோப்புப் பெயர்ப் பட்டியல்.

2021-இல் வந்த 7-ஆம் பதிப்பிலிருந்து முகப்பும் பின்னணிச் சேவையும் தனித்தனி. ஜாவா, டாம்கேட், சோலார், போஸ்ட்கிரெஸ், நோட் எல்லாம் சேர்ந்து ஓடுவதால் 8 ஜிபி ராமுக்குக் குறைந்து இறங்க வேண்டாம். முகப்பு 500 பிழை காட்டினால் முதலில் பார்க்க வேண்டியவை இரு பக்க அமைப்புக் கோப்புகளிலும் உள்ள முகவரிகள். எச்டிடிபிஎஸ், போர்ட் எண் உட்பட அவை எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும். பழைய கையேட்டைப் பார்த்து 6-ஆம் பதிப்பை நிறுவாதீர்கள். அதற்கான ஆதரவு 2023-இல் நின்றுவிட்டது.

ஒவ்வொரு ஆவணத்துக்கும் டிஸ்பேஸ் தரும் நிலையான முகவரியான ஹேண்டில் எண்ணிலும் பலர் தவறுகிறார்கள். 123456789 என்பது வெறும் மாதிரி முன்னொட்டு. ஆண்டுக் கட்டணம் கட்டிச் சொந்த முன்னொட்டு வாங்காமல் தொடங்கினால், பின்னாளில் மாற்றும்போது ஏற்கெனவே பகிர்ந்த முகவரிகள் முறியும். ஏற்றியவை ஓஏஐ-இல் தெரிய, அதற்கான இம்போர்ட் கட்டளையும் தினமும் ஓட வேண்டும்.

தமிழ் ஆவணங்களுக்கு மூன்றிலும் ஒரே சிக்கல். பாமினி, வானவில் போன்ற யூனிகோடு அல்லாத எழுத்துருவில் தட்டச்சான பிடிஎஃப்பில் தேடினால் எதுவும் அகப்படாது. ஒரு வரியை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். குப்பையாக வந்தால், பக்கங்களைப் படமாக்கி, படத்திலிருந்து எழுத்தைப் படிக்கும் டெசராக்ட் மென்பொருளின் தமிழ் ஓசிஆரில் ஓட்டி, பிறகு ஏற்றுங்கள்.

சர்வருக்கென்று ஆள் இருந்தால் டிஸ்பேஸ். சர்வரையும் நூலகரே பார்த்துக்கொண்டு, ஏற்றுபவர்கள் மட்டும் ஆசிரியர்கள் எனில், ஈபிரிண்ட்ஸ். பேக்கப்பிலும் இவற்றுக்குள் பெரிய வேறுபாடு உண்டு. ஈபிரிண்ட்ஸ் கோப்புகளை அவற்றின் சொந்தப் பெயரிலேயே வைக்கும். டிஸ்பேஸ் நீண்ட எண்களாக மாற்றிவிடும். டேட்டாபேஸையும், கோப்புகள் இருக்கும் ஃபோல்டரான அசெட்ஸ்டோரையும் ஒரே நேரத்தில் பேக்கப் எடுக்காவிட்டால், எந்த எண் எந்த ஆய்வேடு என்று கண்டுபிடிக்க ஒவ்வொரு கோப்பையும் திறந்து பார்க்க வேண்டியதுதான்.