கம்பியா, சுவரா, வெறுங்கையா?

வெள்ளி மாலை சூரியன் சாய்ந்ததிலிருந்து சனி இரவு வரை யூதர்களுக்கு ஓய்வுநாள். அன்று வீட்டிலிருந்து தெருவுக்குச் சாவியைக்கூட எடுத்துச் செல்லக் கூடாது. நடக்கப் பழகாத குழந்தையைத் தூக்கிப்போகவும் கூடாது. ஊரையே ஒரே முற்றமாக்கி இந்தத் தடையை நீக்கும் ஏற்பாட்டின் பெயர் ஏரூவ். அந்த முற்றத்தை எதைக் கொண்டு அடைப்பது என்பதில்தான் சண்டை.

சுவர் என்றால் பேச்சே இல்லை. இரவில் கதவுகள் பூட்டப்பட்டிராவிட்டால் எருசலேமே பொருள் தூக்கக் கூடாத பொதுவெளியாகியிருக்கும் என்று யூதர்களின் பழைய சட்டத் தொகுப்பான தல்மூத் சொல்கிறது. ஆனால் இன்றைய நகரத்துக்குக் கோட்டைச் சுவர் ஏது? செங்குத்தான ஆற்றங்கரை, ரயில் பாதையின் மேட்டுச் சரிவு, நெடுஞ்சாலை வேலி என்று தேடிப் பொறுக்க வேண்டும்.

கம்பி வழி வேறு. இரண்டு கம்பம், மேலே ஒரு கம்பி. யூத மதச் சட்டத்தின் கண்ணுக்கு அது வாசல் நிலை, ஆகவே சுவரின் ஒரு பகுதி. நிபந்தனை ஒன்று உண்டு: கம்பி கம்பத்தின் உச்சிக்கு மேலாகப் போக வேண்டும், பக்கவாட்டில் அல்ல. தெருவில் இருக்கும் கம்பங்களில் கம்பி பெரும்பாலும் பக்கத்தில்தான் பிணைக்கப்பட்டிருக்கும். அதனால் கம்பிக்கு நேர் கீழே, தரையிலிருந்து குறைந்தது பத்துக் கையகல உயரத்துக்கு, ஒல்லியான ஒரு பட்டையைப் பொருத்துகிறார்கள். தெருவில் போகிறவர் கண்ணில் படாத அந்தப் பட்டைதான் சட்டப்படி நிலைக்கால். என்ன நுட்பம்!

இதை எல்லோரும் ஏற்கவில்லை. அடைத்த பகுதியைவிடத் திறந்த பகுதி அதிகமானால், அகன்ற இடைவெளிகளை இந்த வாசல் நிலை சரிசெய்யாது என்பது இடைக்கால யூதச் சட்ட அறிஞர் மைமோனிடிஸின் கருத்து. ஆறு லட்சம் பேர் புழங்கினால்தான் கம்பியால் அடைக்க முடியாத முழுப் பொதுவெளி என்ற, தல்மூத் உரையாசிரியர் ராஷியின் அளவுகோல் கம்பிக்காரர்களின் பெரிய துணை. பெருநகரத்தில் அந்தத் துணையும் ஆட்டம் காண்கிறது. நியூயார்க்கின் மன்ஹாட்டனில் ஏரூவ் கூடாது என்று ரப்பி (யூத மதகுரு) மோஷே ஃபைன்ஸ்டைன் நின்றார். 1962இல் ரப்பிகள் சங்கம் ஒன்றும் தடை அறிவித்தது. இன்று அங்கே ஏரூவ் இருக்கிறது, நம்பாதவர்களும் இருக்கிறார்கள்.

ஏரூவே வேண்டாம், எதையும் தூக்காத வெறுங்கையே மேல் என்போரை நான் மதிக்கிறேன். ஆனால் அந்தக் கண்டிப்பின் சுமை கைக்குழந்தைக்காரியின் மீதும் சக்கர நாற்காலிக்காரர் மீதும்தான் விழுகிறது. ஓய்வுநாள் முழுக்க அவர்கள் வீட்டோடு கிடக்க நேரும். ஆகவே சிற்றூர்களுக்குக் கம்பி போதும் என்பேன். பெருநகரங்களில் கிடைக்கிற சரிவையும் வேலியையும் முதுகெலும்பாக வைத்து, இடைவெளிக்கு மட்டும் கம்பி கட்டுவது இன்னும் உறுதி.

சுவரோ கம்பியோ, அடைத்தால் மட்டும் முடியாது. நகர நிர்வாகத்திடம் பெயருக்கு ஒரு தொகை கொடுத்து இடத்தைக் குத்தகைக்கு எடுக்க வேண்டும். ஊருக்குப் பொதுவான உணவும் வேண்டும். எளிதில் கெடாத மட்ஸா அப்பப் பெட்டி ஒன்று தொழுகைக்கூடத்தில் இருக்கும். ஊரார் எல்லோரும் அதற்குப் பங்காளிகள். ஏரூவ் என்ற சொல்லுக்கே கலத்தல் என்றுதான் பொருள்.

கம்பியின் பலவீனம் காற்றும் பனியும். அதனால் வாரந்தோறும் ஒருவர் எல்லை முழுவதையும் சுற்றிப் பார்க்கிறார். ஓரிடத்தில் அறுந்திருந்தாலும் ஊருக்கே ஏரூவ் போய்விடலாம். ஏரூவ் சரியாக இருக்கிறது என்ற வெள்ளிக்கிழமை அறிவிப்பைப் பார்த்த பிறகுதான் குழந்தையின் தள்ளுவண்டியை எடுக்க வேண்டும்.