ஓராண்டு வாசித்த தஞ்சாவூர் ஏகாந்த வீணை: ஒரு மதிப்புரை

சென்ற ஆண்டு மார்கழி தொடங்குவதற்குச் சற்று முன்பு, தஞ்சாவூரில் பரம்பரையாக வீணை செய்துவரும் ஒரு குடும்பத்தின் பட்டறையிலிருந்து ஏகாந்த வீணை ஒன்றை வாங்கிவந்தேன். அதற்குப் பிறகு சபாக்களிலும் கோயில்களிலும் நவராத்திரி மேடைகளிலும் நான் வாசித்தவை அனைத்தும், ஆண்டின் நடுவில் செய்துமுடித்த இசைத்தொகுப்பின் ஒலிப்பதிவும், இந்த ஒரே வாத்தியத்தில் வாசிக்கப்பட்டவை. நல்ல வீணை ஒன்றின் குணத்தைப் பட்டறையில் சிறிது நேரம் மீட்டிப் பார்த்து அறிந்துவிட முடியாது. வெயிலையும் மழையையும் குளிரூட்டப்பட்ட அரங்கையும் அது கடந்து வந்த பிறகே அதைப் பற்றிப் பொறுப்புடன் எழுத முடியும் என்பதால் இவ்வளவு காலம் காத்திருந்தேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒலிப்பதிவுக்கு இதைவிடச் சிறந்த வாத்தியத்தை நான் வாசித்ததில்லை. மேடையிலோ இதன் நாதத்தில் ஒரு பகுதிதான் ரசிகரைச் சென்றடைகிறது. அதற்குக் காரணம் வீணை அன்று, அதன் ஒலியை நாம் பெருக்கும் முறை.

ஒலி எழும் குடம், நீண்ட கழுத்தான தண்டி, முனையிலுள்ள யாளி முகம் ஆகிய மூன்றையும் தனித்தனியே செய்து இணைப்பது ஒட்டு வீணை. இவை மூன்றையும் ஒரே பலா மரத்துண்டிலிருந்து குடைந்தெடுப்பது ஏகாந்த வீணை. பண்ருட்டிப் பகுதியின் பலா மரம் இதற்குப் பெயர்பெற்றது. ஒட்டு வீணையைவிட இதற்கு மரமும் உழைப்பும் மிகுதியாகத் தேவைப்படுவதால் விலையும் கணிசமாக உயர்கிறது. தஞ்சாவூர் வீணைக்கு 2013ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆந்திரத்தின் பொப்பிலியிலும் ஒரே மரத்தில் வீணை குடையும் மரபு உண்டு. அதுவும் புவிசார் குறியீடு பெற்றதே. பதினேழாம் நூற்றாண்டில் தஞ்சையை ஆண்ட இரகுநாத நாயக்கரின் காலத்தில்தான் விரலால் தந்தியை அழுத்தும் உலோகத் துண்டுகளான இருபத்து நான்கு மெட்டுகளும் நிலையாகப் பொருத்தப்பட்ட இன்றைய வீணை உருப்பெற்றது என்பது மரபாகச் சொல்லப்படும் செய்தி. என்னுடைய வீணை அந்த அமைப்பிலிருந்து எதிலும் விலகவில்லை. தண்டியின் கீழுள்ள சுரைக்காய் மட்டும் இயற்கையானதன்று, இலேசான செயற்கைப் பொருளால் ஆனது. ஓரங்களில் பழங்கால வீணைகளில் யானைத் தந்தம் இருந்த இடத்தில் பிளாஸ்டிக் பதித்திருக்கிறார்கள். வேலைப்பாடு நேர்த்தியாகவே உள்ளது. ஆயினும் வீணையைத் தேர்ந்தெடுக்கும்போது அலங்காரத்துக்கு நான் எந்த மதிப்பெண்ணும் தருவதில்லை.

இந்த வீணையின் உண்மையான செல்வம் அதன் கார்வை, அதாவது மீட்டிய ஒலி நீண்டு நிற்பது. முதல் தந்தியான சாரணியில் ஒரு முறை மீட்டினால், அந்த ஒரே மீட்டில் சஹானா ராகத்தின் ஒரு நீண்ட பிடியை (சுரத்தொடரை) முழுவதுமாக இழுத்து முடிக்கும்வரை ஒலி தளராமல் நிற்கிறது. எனக்கு முன்பிருந்த ஒட்டு வீணையில் அதே பிடிக்கு இடையில் இன்னொரு மீட்டு தேவைப்பட்டது. வாய்ப்பாட்டில் மூச்சு எப்படியோ, வீணையில் கார்வை அப்படி; எத்தனை மீட்டுகளில் ஒரு சங்கதியைச் சொல்கிறோம் என்பதைப் பொறுத்தே அது பாட்டாக ஒலிப்பதும் வெறும் சுர வரிசையாக ஒலிப்பதும் அமைகிறது. தோடியின் காந்தாரத்தையும் பைரவியின் நிஷாதத்தையும் மெட்டிலிருந்து மெட்டுக்குத் தாவாமல் ஒரே மெட்டில் தந்தியை இழுத்து வாசிக்கும்போது, இழுப்பின் உச்சியிலும் நாதம் மெலியவில்லை. தொடக்கத்தில் கீழ் ஸ்தாயித் தந்திகளான மந்தரமும் அனுமந்தரமும் சற்றே அடங்கி ஒலித்தன. சில மாதங்கள் தொடர்ந்து வாசித்த பிறகு அவையும் திறந்துகொண்டன. புதிய மரம் வாசிக்க வாசிக்கத்தான் பேசத் தொடங்கும் என்று வைணிகர்கள் (வீணைக் கலைஞர்கள்) வழிவழியாகச் சொல்லிவருவதை இந்த ஆண்டில் என் காதாலேயே கேட்டேன்.

இனி மேடைக்கு வருகிறேன். சபாக்களில் வீணைக்கு இரண்டு வழிகளில் ஒலி பெருக்குகிறார்கள்: குடத்தின் மீது ஒட்டப்படும் காண்டாக்ட் மைக், அல்லது குடத்துக்கு எதிரே நிறுத்தப்படும் சாதாரண மைக். மிருதங்கமும் கடமும் அருகில் இருக்கையில் சாதாரண மைக் அவற்றின் ஒலியையும் சேர்த்து வாங்கிவிடுவதாலும், ஒலியைக் கூட்டினால் உடனே ஊளையிடுவதாலும், பெரும்பாலான மேடைகளில் காண்டாக்ட் மைக்கே வழக்கமாகிவிட்டது. பலகையின் அதிர்வை மட்டும் பற்றிக்கொள்ளும் அந்தக் கருவி, குடத்துக்குள் காற்றில் திரண்டு வெளிவரும் நாதத்தை அறியாது. அதன் வழியாகக் கேட்கும்போது மீட்டின் தாக்கம் கூர்மையாகவும், அதைத் தொடர்ந்து வரும் கார்வை மெலிந்தும் ஒலிக்கின்றன. ஏகாந்த வீணைக்கும் ஒட்டு வீணைக்கும் உள்ள வேறுபாட்டில் பாதி அங்கேயே மறைந்துவிடுகிறது. ஆகவே காண்டாக்ட் மைக்கை மட்டுமே நம்பிக் கச்சேரி செய்யும் கலைஞர் ஒருவர், மேடைக்காக மட்டும் இவ்வளவு விலை கொடுத்து ஏகாந்த வீணை வாங்கத் தேவையில்லை என்பது என் கருத்து.

இதற்கு மாறான அனுபவமும் இந்த ஆண்டில் கிடைத்தது. மயிலாப்பூரில் ஒரு வீட்டுக் கூடத்தில் ஒலிபெருக்கி எதுவும் இல்லாமல், மிருதங்கக் கலைஞர் தம் வாத்தியத்தை மிக மென்மையாக வாசித்து உடன்வர, ஒரு மாலை முழுவதும் வாசித்தேன். வீணை எல்லா இடத்துக்கும் பொருந்தும் வாத்தியம் அன்று. அது சிறிய கூடத்துக்காகப் பிறந்தது என்பதை அன்று அறையின் கடைசி வரிசையில் இருந்தவர்களின் கவனம் காட்டியது. வீணை தனம்மாள் (1867–1938) சென்னையில் தம் இல்லத்தில் வெள்ளிக்கிழமை மாலைகளில் சிறு குழுவுக்கு வாசித்துவந்தார் என்பதும், அந்த வாசிப்பைக் கேட்க இசையறிந்தவர்கள் அங்கே கூடினார்கள் என்பதும் நமக்குத் தெரிந்த வரலாறு. அந்த மரபில் வளர்ந்த வாத்தியத்தை ஆயிரம் பேர் அமரும் அரங்கில் வைத்துவிட்டு அதன் ஒலி போதவில்லை என்று குறைகூறுவது நியாயமாகாது.

பராமரிப்பைப் பற்றி வாங்குவோர் அவசியம் அறிந்திருக்க வேண்டும். வெண்கல மெட்டுகள் மெழுகில்தான் பதிந்திருக்கின்றன. தேன்மெழுகோடு குங்கிலியமும் கரித்தூளும் கலந்து செய்யப்படும் அந்தக் கலவை, சித்திரை வைகாசி வெயிலில் இளகிவிடும். என் வீணையிலும் கத்திரி வெயில் காலத்தில் மேல் ஸ்தாயி மெட்டுகள் சில நகர்ந்து, பஞ்சமம் சுருதியில் சேராமல் போயிற்று. புதிய வீணையில் முதல் ஆண்டுக்குள் ஒரு முறையாவது மேளம் கட்ட, அதாவது மெட்டுகளைச் சுருதிக்கேற்ப மெழுகில் மீண்டும் பதிக்க, வேண்டியிருக்கும் என்று பட்டறையில் முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள். செய்தவரே சென்னைக்கு வந்து, பழைய மெழுகை முழுவதும் நீக்கிப் புதிதாக மேளம் கட்டிக்கொடுத்தார். ஒவ்வொரு மெட்டையும் காதால் மட்டுமே கேட்டு, மயிரிழை அளவு நகர்த்தி நிறுத்திய அந்தக் கைத்திறனுக்கு நான் கொடுத்த கூலி ஈடாகாது. வீணையின் விலையைப் பற்றிப் பேசுவோர் இந்த உழைப்பையும் அதில் சேர்த்தே எண்ண வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். மேளம் கட்டத் தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே போனால், எவ்வளவு உயர்ந்த மரமும் நமக்குப் பயன்படாது.

மழைக்காலத்தில் தந்திகளை முறுக்கும் பிரடைகள் ஈரத்தில் ஊதி இறுகிக்கொண்டன; சுண்ணக்கட்டித் தூள் தடவியதும் சரியாயின. குளிரூட்டப்பட்ட அரங்குகளில் எஃகுத் தந்திகள் சுருங்கிச் சுருதி ஏறுவது எல்லா வீணைகளுக்கும் உரியதே. தந்திகளின் கீழ் முனையைக் கட்டும் நாகபாசத்தில் உள்ள லங்கர்கள் (சுருதியை நுட்பமாகச் சரிசெய்யும் வளையங்கள்) வழுக்காமல் நிற்கின்றன என்பதால், கச்சேரியின் இடையில் பிரடையைத் தொடாமலே சுருதியைச் சரிசெய்ய முடிந்தது.

ஒலிப்பதிவில்தான் இந்த வாத்தியம் தன்னை முழுமையாகக் காட்டியது. அதைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத விரும்புகிறேன், ஏனெனில் வீணையைப் பதிவுசெய்வது குறித்துத் தமிழில் எழுதப்பட்டவை குறைவு. நான் மூன்று கட்டைச் சுருதியில் வாசிக்கிறேன். அந்தச் சுருதியில் சாரணியின் ஆதார ஷட்ஜம் ஏறத்தாழ 165 ஹெர்ட்ஸ். அனுமந்தரத்தைத் திறந்த தந்தியாக மீட்டும்போது எழும் பஞ்சமமோ ஏறத்தாழ 62 ஹெர்ட்ஸ். ஒலிப்பதிவுக் கூடங்களில் இரைச்சலைத் தவிர்ப்பதற்காக 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளவற்றை வெட்டிவிடுவது பொதுவான பழக்கம். மனிதக் குரலுக்கு அதனால் பெரிய இழப்பு இல்லை. வீணையிலோ அனுமந்தரத்தின் அடிநாதமே அறுபட்டுப்போகிறது. முதல் நாள் பதிவைத் திரும்பக் கேட்டபோது, தாளமின்றி லயத்தோடு ராகத்தை விரிக்கும் தானத்தில் கனம் குறைந்திருந்ததற்குக் காரணம் இதுதான் என்று தெரிந்ததும், ஒலிப்பதிவாளரிடம் அந்த வெட்டை நீக்கும்படி கேட்டுக்கொண்டேன். அவர் உடனே புரிந்துகொண்டார். மறுமுறை கேட்டபோது, மந்தர ஸ்தாயித் தானம் அறையின் தரையில் உணரும்படி ஒலித்தது.

இரண்டாவது சிக்கல் இரைச்சல் நீக்கும் மென்பொருள். ஒலி ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே தேயும்போது அதை இரைச்சல் என்று கருதி அந்த மென்பொருள் அகற்றிவிடும். வீணையில் மிக நுட்பமான கமகங்கள் (சுர அசைவுகள்) கார்வை தேயும் அந்தக் கடைசிப் பகுதியில்தான் நிகழ்கின்றன. அவற்றை இழந்துவிட்டால் ஏகாந்த வீணையில் வாசித்ததற்கே பொருள் இல்லை. எனவே அதைப் பயன்படுத்த வேண்டாம் என்று முன்கூட்டியே உறுதிசெய்துகொண்டோம். தந்தியின் மீது விரல்கள் வழுக்கும் ஓசை சில இடங்களில் பதிவாகியிருக்கிறது. அதை அப்படியே விட்டுவிட்டேன். வீணையை நேரில் கேட்பவர் அதையும் சேர்த்தே கேட்கிறார்.

மைக்குகளை நிறுத்திய விதத்தில் பல சோதனைகளுக்குப் பிறகு ஒரு முறை நன்கு பொருந்தியது. ஒரு கண்டென்சர் மைக்கைக் குடத்திலிருந்து ஓரடிக்குச் சற்றுக் கூடுதலான தொலைவில், தந்திகளைத் தாங்கும் குதிரைக்கும் கடைசி மெட்டுக்கும் இடைப்பட்ட பகுதியை நோக்கியும், இன்னொன்றைத் தண்டியின் நடுப்பகுதியை நோக்கியும் நிறுத்தினோம். முதலாவது நாதத்தைத் தந்தது. இரண்டாவது இடக்கையின் அசைவுகளுக்குத் தெளிவு சேர்த்தது. குதிரைக்கு மிக அருகில் மைக்கை வைத்தபோது பித்தளைத் தகட்டின் உலோக ஓசை மேலோங்கி நாதம் மெலிந்தது. மிருதங்கத்தைக் கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் வேறு அறையில் பதிவுசெய்தோம். பக்கவாட்டில் உள்ள தாளத் தந்திகளைச் சுண்டுவிரலால் மீட்டும் ஓசை மற்றத் தந்திகளைவிட ஓங்கி ஒலிக்கும் குறை பல வீணைகளில் உண்டு. இந்த வீணையின் பக்கக் குதிரை நன்கு அமைந்திருப்பதால் அந்தக் குறை எழவில்லை. தானத்தில் தாளத் தந்திகள் அளவோடு வந்து அமர்ந்தன.

குறைகளும் உண்டு. எனக்கு முன்பிருந்த வீணையைவிட இதன் எடை கூடுதல். யாளி முகம் தனியே கழற்றக்கூடியதன்று என்பதால் எடுத்துச் செல்வதும் கடினம். திருவையாற்று ஆராதனைக்கு இரயிலில் கீழ்ப் படுக்கை ஒன்றை வீணைக்கே ஒதுக்கி அழைத்துச் சென்றேன். விமானப் பயணத்தில் ஒருமுறை, முன்னரே எழுதிக் கேட்டு ஒப்புதல் பெற்றிருந்தும், வீணையைச் சரக்குப் பகுதியில்தான் போட வேண்டும் என்று கடைசி நேரத்தில் வற்புறுத்தினார்கள். உறுதியான கண்ணாடியிழைப் பெட்டி இருந்ததால் மரத்துக்குச் சேதம் இல்லை, மெட்டு ஒன்று மட்டும் பெயர்ந்துவிட்டது. இத்தனை மரபுச் சிறப்புடைய வாத்தியத்துக்குப் பயணத்தில் உரிய மதிப்புக் கிடைப்பதில்லை என்பது எனக்கு ஆழ்ந்த வருத்தம். வீணையோடு பட்டறையில் கொடுத்த துணி உறை பயணத்துக்குப் போதாது. நல்ல பெட்டிக்கான செலவைத் தனியே கணக்கிட்டுக்கொள்ள வேண்டும்.

யாருக்கு இந்த வீணை ஏற்றது என்று கேட்டால், சங்கதிகளையும் கமகங்களையும் ஓரளவு கைவரப்பெற்று, ஒலிப்பதிவிலோ சிறு கூடங்களிலோ தொடர்ந்து வாசிக்கும் எண்ணமுடையவர்களுக்கு என்பேன். தொடக்க நிலை மாணவர்களுக்கு நல்ல ஒட்டு வீணையே போதும். தரமான ஒட்டு வீணையில் கற்றவர்கள் மிகச் சிறந்த வைணிகர்களாக வளர்ந்திருக்கிறார்கள். வாங்கச் செல்வோர் பட்டறையில் மூன்றைக் கவனிக்க வேண்டும். அனுமந்தரத்தைத் திறந்த தந்தியாக ஒரு முறை மீட்டி, ஒலி முற்றிலும் அடங்கும்வரை வேறு எதையும் தொடாமல் கேட்க வேண்டும். பிறகு மேல் ஸ்தாயியில் ஒரே மெட்டில் மூன்று சுரங்கள்வரை தந்தியை இழுத்து, அடுத்த மெட்டில் உராய்ந்து கரகரக்கிறதா என்று பார்க்க வேண்டும். குடத்தின் உட்புறத்தில் விரிசலை அடைத்த தடயம் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்ப்பதும் அவசியம். முன்பணம் கொடுத்த பின் மரம் தேர்ந்து, குடைந்து, உலர்ந்து, மேளம் கட்டி முடிய மாதங்கள் ஆகும். ஆகவே அடுத்த மார்கழியில் புதிய வீணையோடு மேடையேற நினைப்பவர்கள் தை மாதத்திலேயே தஞ்சாவூருக்குச் சென்று சொல்லிவைப்பதும், முதல் கோடைக்குப் பிறகு மேளம் கட்டித்தருவதற்கான உறுதியையும் கூலியையும் அப்போதே பேசி முடித்துக்கொள்வதும் நல்லது.