கல் தரையில் கொட்டிய பெயிண்ட்: தின்னரா, ஆசிட்டா, பற்றா?

ஆந்திரத்தின் குப்பம் ஊர்ப் பக்கத்து வீடுகளில் வாசலுக்கும் திண்ணைக்கும் பெரும்பாலும் இரண்டு கல்தான். ஒன்று இங்கேயே வெட்டியெடுக்கும் கிரானைட், இன்னொன்று வடக்கேயிருந்து லாரியில் வரும் கடப்பா கல். பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது இரண்டின் மேலும் பெயிண்ட் கொட்டத்தான் செய்கிறது. பெயிண்டர் தின்னர் என்பார், ஹார்டுவேர் கடையில் ஆசிட் என்பார்கள். "என்ன கல்?" என்று முதலில் கேட்பவர் குறைவு. நல்ல கல் வீணாவது அங்கேதான்.

கடப்பா கல் சுண்ணாம்புக் கல் வகை. கண்ணில் படாத மூலையில் ஆணியால் லேசாகக் கீறி, அந்தப் பொடி மேல் ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு விடுங்கள். பொடிப்பொடியாக நுரைத்தால் சுண்ணாம்புக் கல்தான். உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடுங்கள்.

இது தெரிந்தால் ஆசிட் கதை முடிந்தது. காய்ந்த பெயிண்டை ஆசிட் கரைப்பதில்லை, அடியில் உள்ள கல்லைத்தான் தின்கிறது. மேல்தோல் போகும்போது பெயிண்டும் கூடவே வருவதால் வேலை செய்த மாதிரி தெரியும். காய்ந்த பிறகு பார்த்தால் கருப்புக் கல்லில் சொரசொரப்பாக ஒரு வெளிறிய திட்டு. கிரானைட் அவ்வளவு எளிதில் கரையாது, ஆனால் அதிலுள்ள இரும்பு துருப்பிடித்து மஞ்சள் கறை விடக்கூடும். இரண்டுக்குமே ஆசிட் வேண்டாம்.

அடுத்து, கொட்டியது எந்த பெயிண்ட்? தண்ணீரில் கலக்கும் எமல்ஷன் என்றால், ஈரமாக இருக்கும்போது சோப்புத் தண்ணீரே போதும். காய்ந்துவிட்டால் வெந்நீரில் நனைத்த சாக்கைப் போட்டு ஊறவிட்டு, பிளாஸ்டிக் தகட்டால் சுரண்டலாம். எண்ணெய் பெயிண்டான எனாமல்தான் தொல்லை. ஈரம் காயுமுன் மணலைக் கொட்டி அள்ளிவிட்டு, டர்பன்டைன் நனைத்த துணியால் ஓரத்திலிருந்து நடுவை நோக்கித் துடையுங்கள். நடுவிலிருந்து துடைத்தால் கறைதான் பெரிதாகும்.

காய்ந்த எனாமலுக்குத்தான் உண்மையான போட்டி. தின்னர் மலிவு, வேகம். பாலிஷ் போட்ட கிரானைட்டில் நான் தின்னர் பக்கம்தான். சொரசொரப்பான கல்லில் அது பெயிண்டை நீர்க்கவைத்து துவாரங்களுக்குள் இறக்கிவிடும். அதோடு நம் வெயிலில் நொடியில் ஆவியாகிவிடும். ஜெல்லாக வரும் பெயிண்ட் ரிமூவர் தடவிய இடத்திலேயே நிற்கும், பெயிண்ட் தோலோடு கிளம்பும். விலை கூடுதல், கையைச் சுடும். மெல்லிய மருத்துவக் கையுறை தாங்காது, கெமிக்கல் தாங்கும் தடித்த கையுறை வேண்டும். சாயங்கால நிழலில் செய்யுங்கள்.

மேலே உள்ளது போன பிறகும் உள்ளே நிழல் மாதிரி நிற்கும் சாயத்துக்கு இவை எதுவும் உதவாது. அதற்குப் பற்றுதான். வீக்கத்துக்குச் சுக்குப் பற்று போடுவது போலவே இதுவும். முல்தானி மிட்டியைத் தின்னரில் தோசை மாவைவிடக் கெட்டியாகக் குழைத்து, கறையைத் தாண்டி ஒரு விரல் அகலம் அப்பி, பாலிதீன் மூடி ஓரமெல்லாம் டேப் ஒட்டுங்கள். ஒரு நாள் கழித்து மூடியை எடுத்துவிட்டு அப்படியே காயவிடுங்கள். காயும்போதுதான் மண் சாயத்தை மேலே இழுக்கும். ஒரே தடவையில் போகாது, பொறுமை வேண்டும். கடப்பா கல்லுக்கு இதைவிட நல்ல வழியை நான் பார்க்கவில்லை.

கார் கழுவும் பிரஷர் பம்ப்? ரிமூவர் போட்ட பின் கிரானைட்டை அலச நல்லது. கடப்பா கல்லில் பொறுக்கு பெயரும். கம்பி பிரஷ் விட்டுப்போகும் இரும்புத் துகள் மழையில் துருவாகும். கேஸ் பர்னரால் எரிக்க மட்டும் விடாதீர்கள். சொரசொரப்பு ஃபினிஷுக்காக கிரானைட்டின் மேல்பரப்பைத் தெறிக்க வைப்பதே அந்தத் தீயால்தான்.

துடைத்த துணிகளைச் சுருட்டி மூலையில் போடாமல் வெளியே விரித்துக் காயவிடுங்கள். எனாமல் ஊறிய துணிக் குவியல் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக்கூடும்.